வீட்டுத் தோட்டம்: நார்த்தூள் செடிக்குச் சோறும் வேண்டும், குளியலும் வேண்டும்



லயத்து வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி நிலம் இருந்த காலத்தில், மிளகாய்க்கும் கத்தரிக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் கடைக்குப் போனவர்கள் குறைவு. அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போட்டால் போதும். மிச்சத்தை மண் பார்த்துக்கொண்டது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு, நம் குடும்பங்களில் பல இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. அங்கே மண் ஏது? வீட்டு வாசலில் பூச்சாடி வைக்க மூன்றடி இடம் கிடைத்தால் அதுவே பெரிது. நான்காவது மாடிக்கு மண் மூட்டையைச் சுமந்து ஏறுவதும் எல்லாராலும் ஆகிற காரியமல்ல.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு வாய்ப்பாக வந்திருப்பதுதான் தேங்காய் நார்த்தூள். கடைக்காரர்கள் கோக்கோபீட் என்று சொல்வார்கள். செங்கல் போல அழுத்திக் கட்டியாக விற்கிறார்கள். 650 கிராம் கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறப் போட்டால் 8 அல்லது 9 லிட்டர் அளவுக்குப் பொங்கி வரும். ஒரு மிளகாய்ச் செடிக்கு வேண்டிய பூச்சாடி நிரம்பிவிடும். கைப்பையில் போட்டு மாடிக்குக் கொண்டுபோகலாம்.

ஆனால் வைத்துப் பார்த்தவர்களில் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். முதல் மாதம் செடி தளதளவென்று இருந்ததாம். பிறகு இலை நுனி கருகி, பூ கொட்டி, செடி சோர்ந்துவிட்டதாம். உரம் போடப் போட இன்னும் மோசமானதாம். "நமக்குக் கைராசி இல்லை" என்று பூச்சாடியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரணம் நார்த்தூளின் குணத்தில் இருக்கிறது. அந்தக் குணத்தை அறிந்துகொண்டால், வாசலில் இரண்டு மிளகாய்ச் செடியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் காப்பாற்றுவது கடினமே அல்ல.

நார்த்தூளும் மண்ணும் ஒன்றல்ல

நார்த்தூள் தன் எடையைப் போல எட்டு மடங்குக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அப்படிப் பிடித்த பிறகும் வேர் மூச்சுவிடக் காற்றுக்கு இடம் கொடுக்கும். இது அதன் பெருமை. ஆனால் செடிக்கு வேண்டிய தழைச்சத்து முதலான உணவு அதில் இல்லை என்றே சொல்லலாம். நல்ல மண்ணில் மக்கும், மண்புழுவும், களிமண்ணும் சேர்ந்து செடிக்குச் சமைத்துப் போடும். நார்த்தூளோ கழுவிக் கவிழ்த்த சட்டி. நாம் போட்டால்தான் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. நிலத்தில் கொஞ்சம் உரம் கூடிவிட்டால் மழை அதைக் கீழே கொண்டுபோய்விடும். வேரும் விலகி ஓட இடம் இருக்கும். பூச்சாடிக்குள் உரம் எங்கே போகும்? தண்ணீரைச் செடி குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. உப்பு மட்டும் பின்தங்கி நாளுக்கு நாள் கூடுகிறது. ஆகவே, சோறு போடுவது, குளிப்பாட்டுவது என்ற இரண்டு வேலையும் நம்முடையவை. முதலாவதைச் செய்து இரண்டாவதை மறப்பதால்தான் செடி கெடுகிறது.

முதலில் பழைய உப்பை எடுங்கள்

தென்னைக்குச் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், மிகவும் பிடிக்கும். அந்தச் சத்து மட்டையில் நிறையத் தங்கியிருக்கும். கடலோரத்துத் தென்னையாக இருந்தாலோ, மட்டையை உவர்நீரில் ஊறப் போட்டிருந்தாலோ, சாதாரண உப்பும் கூடவே இருக்கும். எனவே கட்டியை ஊறவைத்தவுடன் செடி நடாதீர்கள்.

பெரிய வாளியில் கட்டியைப் போட்டு, 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி உதிர விடுங்கள். பிறகு பழைய துணியில் கட்டிப் பிழியுங்கள். புதுத் தண்ணீர் விட்டு இப்படி மூன்று முறை செய்யுங்கள். முதல் தண்ணீர் கடுங்காப்பி போல வரும். மூன்றாவது தண்ணீர் வெளிறிய தேத்தண்ணீர் போல இருக்கும்.

தண்ணீருக்கு மட்டும் அசையாத உப்பும் உண்டு. அது நார்த்தூளை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் பின்னால் நாம் கொடுக்கும் சுண்ணாம்புச் சத்தை நார்த்தூள் பிடுங்கிக்கொண்டு, தன்னிடமுள்ள பொட்டாஷையும் உப்பையும் செடிக்கு விட்டுவிடும். இதற்கு உரக்கடையில் கிடைக்கும் கால்சியம் நைட்ரேட் வேண்டும். மூன்று முறை அலசிய தூளில், 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக் கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், கரைத்து ஊற்றி ஓரிரவு ஊறவிடுங்கள். காலையில் வடித்து, ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசினால் நார்த்தூள் தயார். "கழுவிப் பதப்படுத்தியது" என்று எழுதிய கட்டியாக இருந்தால் இந்த வேலை மிச்சம். என்றாலும் ஒருமுறை அலசிக்கொள்வது நல்லது.

பாகான் டத்தோ வட்டாரம் போலத் தேங்காய் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள், உரித்த மட்டையைச் சில நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, நாரைப் பிரித்து, தூளைத் தாங்களே உதிர்த்துக்கொள்ளலாம். ஊறும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். அதற்கும் அலசலும் சுண்ணாம்புச் சத்தும் அவசியம்.

சோறு: குறைவாக, அடிக்கடி

நம் நாட்டில் மிளகாயைப் பைகளில் வளர்க்கும் விவசாயிகள் பலர் நார்த்தூளில்தான் வளர்க்கிறார்கள். அவர்கள் கொடுப்பது ஏபி உரம். இது இரண்டு போத்தல்களாக வரும். 'ஏ'யில் கால்சியமும் இரும்பும் இருக்கும். 'பி'யில் மற்றச் சத்துகள் இருக்கும். இரண்டையும் கெட்டியாக ஒன்றாகக் கலந்தால் கால்சியம் மற்றச் சத்துகளோடு சேர்ந்து சுண்ணாம்பு போல் அடியில் படிந்துவிடும்; செடிக்குப் பயன்படாது. முதலில் வாளியில் தண்ணீர், அதில் 'ஏ'யை ஊற்றிக் கலக்குங்கள், பிறகுதான் 'பி'. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

எவ்வளவு ஊற்றுவது என்று போத்தலில் எழுதியிருக்கும். நாற்று நட்ட முதல் இரண்டு வாரம் அதில் பாதி அளவே போதும். செடி கிளை விட்டதும் முழு அளவுக்குப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் இந்த உரத்தண்ணீரையே குடிதண்ணீராகக் கொடுங்கள். பூச்சாடியின் அடித் துளையில் கொஞ்சம் வடியும் வரை ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு சிறு கோப்பை அளவு, 150 அல்லது 200 மில்லி, வெளியே வரலாம். வடியவே வடியாமல் ஊற்றுகிறவர் வீட்டில் உப்பு விரைவில் சேரும். வெயில் கடுமையாக இருந்தால் மாலையிலும் ஒருமுறை கொடுக்கலாம்.

நார்த்தூளின் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்ததுபோல் தெரியும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், அல்லது பூச்சாடியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. முழுக்கக் காயவும் விடாதீர்கள். தண்ணீர் வற்றினால் உள்ளே உப்பு கெட்டியாகி வேரைச் சுடும்.

இங்கே தோட்டத்துச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் ஒரு பிடி எடுத்துப் பூச்சாடியில் போட்டால் செடி கொழிக்கும் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே பொட்டாஷ் மிகுந்த நார்த்தூளில் அது மேலும் பொட்டாஷையும் குளோரைடு உப்பையும் கொட்டுவதாகும். நர்சரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்: பாலிபேக்கில் மண்ணில் நிற்கும் செம்பனைக் கன்றுக்கே உரத்தை அளந்துதான் போடுவார்கள், தண்டை ஒட்டிப் போட மாட்டார்கள். நார்த்தூளில் நிற்கும் மிளகாய் அதைவிட மென்மையானது.

அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எப்போதாவது ஊற்றலாம். ஆனால் அதை மட்டும் நம்பினால் செடி பட்டினிதான்.

குளியல்: உப்பை அலசுவது எப்படி?

எலுமிச்சங்காய்க்கு உப்புப் போட்டு ஊறவைத்தால் என்ன ஆகிறது? காயிலிருந்து தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது, காய் சுருங்குகிறது. பூச்சாடியில் உப்பு மிகுந்தால் வேருக்கும் அதே கதிதான். சுற்றிலும் ஈரம் இருந்தும் வேரால் குடிக்க முடியாது. நண்பகலில் செடி துவண்டு தொங்கும். நாம் தண்ணீர் போதவில்லை என்றோ, சத்துப் போதவில்லை என்றோ எண்ணி மேலும் உரத்தை ஊற்றுவோம். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாகும்.

இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஓய்வு நாள் காலையில் இதைச் செய்யுங்கள். பூச்சாடியில் 9 லிட்டர் நார்த்தூள் இருந்தால், அதைப்போல் இரு மடங்கு, 18 லிட்டர், வெறும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் கொட்டக்கூடாது. மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் மெல்லச் சுற்றிலும் ஊற்றி, பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். உப்பு கரைவதற்கு நேரம் வேண்டும்.

அலசிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். வெறும் தண்ணீர் கெட்ட உப்போடு நல்ல சத்தையும் கொண்டுபோயிருக்கும். தண்ணீர் வடிந்தவுடன், அன்றைக்கே பாதி அளவு ஏபி உரத்தண்ணீர் கொடுங்கள். குளித்த பிள்ளைக்குப் பசிக்கும் அல்லவா?

வடியும் தண்ணீர் கீழ்மாடிக்காரர் காயப்போட்ட துணியில் விழாமல், பேசினில் பிடித்துக்கொள்ளுங்கள். அதிலும் சத்து இருக்கிறது. கீழே நிலத்தில் நிற்கும் வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடலாம்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்கள் ஈசி மீட்டர் என்ற சிறு கருவியை வாங்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை அது காட்டும். இளஞ்செடிக்கு ஊற்றும் உரத்தண்ணீர் 1.2 முதல் 1.5 வரையும், காய்க்கும் மிளகாய்க்கு 2 முதல் 2.5 வரையும் இருக்கலாம். ஊற்றியதைவிட வடியும் தண்ணீரில் எண் ஒன்றுக்கு மேல் கூடியிருந்தால், வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே அலசுங்கள். கருவி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பூச்சாடி விளிம்பிலும் மேல்பரப்பிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுவே அடையாளம்.

மழை பெய்தால்?

தரை வீட்டில், திறந்த வாசலில் பூச்சாடி வைத்திருப்பவர்களுக்கு மழையே குளிப்பாட்டிவிடும். அடைமழைக் காலத்தில் நீங்கள் அலச வேண்டியதில்லை; மாறாக, மழை விட்டதும் உரத்தண்ணீர் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் செடி வெளிறிப்போகும். மாடி வீட்டில் கூரைக்குக் கீழே நிற்கும் செடி மழையையே காணாது. அதற்கு மழை நீங்கள்தான்.

இலை சொல்லும் சேதி

அடி இலைகள் வெளிறி, செடி முழுவதும் மஞ்சளாகத் தெரிந்தால் பசி. உரத்தண்ணீரை ஒழுங்காகக் கொடுங்கள்.

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகினால் உப்பு. அலசுங்கள்.

மிளகாயின் நுனி மென்மையாகிக் கறுத்து அழுகினால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டவில்லை. தண்ணீர் ஒருநாள் அதிகமாகவும் ஒருநாள் இல்லாமலும் போவது இதற்கு முக்கியக் காரணம்.

பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவே மஞ்சளானால் மக்னீசியம் குறைவு.

இளம் இலை சுருண்டால் உடனே உரத்தைக் குறை சொல்லாதீர்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இலைப்பேனும் வெள்ளை ஈயும் இருந்தால் அது பூச்சியின் வேலை.

தட்டில் தண்ணீர் நிற்க வேண்டாம்

பூச்சாடியின் அடியில் தட்டு வைப்பவர்கள் வடிந்த தண்ணீரை அன்றே கொட்டிவிட வேண்டும். அதைச் செடி மறுபடி உறிஞ்சினால் அலசிய உப்பு திரும்ப ஏறிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஏடிஸ் கொசு. தேங்கிய தெளிந்த தண்ணீரில் ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே முட்டை கொசுவாகிவிடும். நம் நாட்டில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டப்படி, கொசு முட்டையிட இடம் விடும் வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், டிங்கி காய்ச்சலில் பிள்ளை படுத்தால் எந்த மிளகாய் அதற்கு ஈடு?

ஒரு செடி ஓய்ந்த பிறகு நார்த்தூளை வீசிவிடாதீர்கள். வேர்களைப் பொறுக்கி, அலசி, மீண்டும் ஓரிரவு கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்தால் இன்னும் ஓரிரு முறை பயன்படும். வாடல் நோயில் செத்த செடியின் தூளை மட்டும் திரும்பப் பயன்படுத்தக்கூடாது.

பண்டிகை நெருங்கினால் மிளகாய் விலை ஏறுவதை எல்லாரும் அறிவோம். இன்று நாற்று விட்டால், நட்டு இரண்டு மூன்று மாதத்தில் முதல் காய் பறிக்கலாம். நாள்காட்டியில் குளியல் நாளை வட்டமிட்டு வையுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களும் ஒரு செடியின் பசி தாகத்தை அறிந்து வளரட்டும்.