குடையின் கதை போதும், உன் கதையை எழுது!

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்கதை எழுதுவது கைவந்த கலை. 'நான் ஒரு குடை', 'நான் ஒரு மிதிவண்டி' என்று தலைப்புக் கொடுத்தால் போதும். தொழிற்சாலையில் பிறந்தது முதல் குப்பைமேட்டில் கிடப்பது வரை மளமளவென்று எழுதி விடுவார்கள். அதே பிள்ளையிடம், "தம்பி, உன் கதையை எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டு விழிப்பான். "எங்க வீட்டுல ஒண்ணும் நடக்கலையே சார்!" என்பான்.

ஒன்றுமா நடக்கவில்லை? விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் புறப்படுகிறாள் அம்மா. செம்பனைக் குலை வெட்டி, முள் குத்திய கையோடு திரும்புகிறார் அப்பா. சிரம்பான், நீலாய்ப் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி விட்டன. லயத்தை விட்டு வந்த நாளைப் பாட்டி இன்றும் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறாள். இவையெல்லாம் கதை இல்லையென்றால், பிறகு எதுதான் கதை?

பிள்ளை எழுதத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1988-இல் தொடங்கி 2021-இல் நிறுத்தப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக் காலத்தில், மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்தவனுக்குப் புள்ளி கிடைத்தது. தேர்வு போய்விட்டது. பழக்கம் இன்னும் போகவில்லை. அதைவிடப் பெரிய தடை அச்சம். கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்களோ என்று ஓர் அச்சம். "வீட்டுச் சேதியை ஏன்டா வெளியே சொன்னே?" என்று அப்பா அடிப்பாரோ என்று இன்னோர் அச்சம்.

எழுதச் சொல்லி ஊக்கமூட்டுவது நம்மவர்க்குப் புதிதன்று. 1950-ஆம் ஆண்டுவாக்கில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். அதில் பயின்றவர்கள் பலர் பின்னாளில் எழுத்தாளரானார்கள். அதே காலத்தில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்தை நடத்தி, பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் கொடுத்தது. 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. அவர்கள் செய்த வேலையை இனி வகுப்பறைதான் செய்ய வேண்டும்.

பிரான்சு நாட்டில் செலஸ்தேன் ஃபிரெனே என்றொரு கிராமத்து ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த அவரால் முடியாது. 1924-இல் அவர் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் தங்கள் வாழ்வில் கண்டதை விரும்பியபடி எழுதி, வகுப்பில் படித்தார்கள். பிடித்ததை அவர்களே தேர்ந்தெடுத்து, எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். நமக்கு அச்சு இயந்திரம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், கேட்பதற்குப் பொறுமையும் இருந்தால் போதும்.

என் வகுப்பில் சில விதிகள் உண்டு. வகுப்பில் படிப்பதும் படிக்காததும் எழுதியவன் விருப்பம். தாளை மடித்துக் கொடுத்தால் நான் மட்டுமே படிப்பேன். ஒருவர் படிக்கும்போது மற்றவர் சிரிக்கக் கூடாது. படித்து முடித்ததும் பிடித்த வரியைச் சொல்லலாம், ஒரு கேள்வி கேட்கலாம். ரகர றகரப் பிழையெல்லாம் மறுநாள்தான். முதல் நாளே சிவப்பு மையைக் கண்ட பிள்ளை, அடுத்த முறை குடைக்கே திரும்பிப் போய்விடும்.

ஒரு மாணவி தன் தாயின் கையுறையைப் பற்றி எழுதினாள். உதிரிப்பழம் பொறுக்கும் கையுறை அது. இரவில் துவைத்து அடுப்போரம் காயப் போடுவார்களாம். காலையில் ஈரம் காயாவிட்டாலும் அம்மா அதையே மாட்டிக்கொண்டு போவார்களாம். அவள் படித்து முடித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒரு பையன் மெல்ல, "எங்கம்மாவும் அப்படித்தான்" என்றான். அதுவரை வாய் திறக்காத பிள்ளை அவன். மறுவாரம் அவனும் எழுதினான்.

எல்லாச் சேதியும் வகுப்பில் படிக்கத் தக்கதன்று. அடி, பசி, குடித்துவிட்டு நடக்கும் சண்டை என்று ஒரு பிள்ளை எழுதினால், ஆசிரியர் தனியே அழைத்துப் பேச வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் தலைமையாசிரியரிடமும் ஆலோசக ஆசிரியரிடமும் சொல்லத்தான் வேண்டும். அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளை வீட்டைப் பற்றி எழுதுவது வீட்டைக் காட்டிக் கொடுப்பதற்காக அன்று. நீங்கள் படும் பாட்டை அது கவனித்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறது. உங்கள் வியர்வையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இந்த வாரம் ஒரு மாலை, வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். தாத்தாவின் பால்கத்தியோ, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ எதுவாகவும் இருக்கட்டும். பிறகு தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, அதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். பிழை கண்டால் திருத்தாதீர்கள், அந்த வேலையை எங்களுக்கு விட்டுவிடுங்கள்.