யார் முதலில் வழி விடுவது?

போர்ட் பிளேரில் மரைன் ஹில் மேட்டுப்பகுதி. (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய அதே நகரம்தான்.) அங்கே குறுகலான ஒரு சரிவில் கீழிருந்து ஜீப் ஒன்று ஏறுகிறது, மேலிருந்து லாரி ஒன்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவழியில் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. லாரி பின்வாங்கினால் ஜீப் போகும். ஜீப் பின்வாங்கினால் லாரி போகும். இரண்டும் காத்திருக்கின்றன. மோதல் இல்லை, சேதமில்லை. ஆனால் போக்குவரத்து நின்றுவிட்டது.

கம்ப்யூட்டருக்கும் இந்தக் கதி நேர்வதுண்டு. டச்சு விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1960களில் இதற்கு 'மரண அணைப்பு' என்று பெயர் வைத்தார். இப்போதைய பெயர் டெட்லாக். தமிழில் முட்டுக்கட்டை.

இந்த முட்டுக்கட்டை விழ நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று 1971ல் காஃப்மனும் இரு சகாக்களும் எழுதினார்கள். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். கையில் இருப்பதை விடாமலே அடுத்ததைக் கேட்கலாம். கையில் இருப்பதை யாரும் பிடுங்க முடியாது. காத்திருப்பவர்கள் ஒரு வட்டமாக நிற்கிறார்கள். நான்கும் சேர்ந்தால்தான் சிக்கல். ஒன்றை உடைத்தால் போதும்.

சொல்வது சுலபம். செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு லினக்ஸே சாட்சி. ஆண்ட்ராய்ட் போன் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் வரை இயக்கும் லினக்ஸின் உட்கருவான கெர்னலில், 2014 டிசம்பரில் ஜப்பானிய நிரலாளர் டெட்சுவோ ஹண்டா ஒரு விபரீதத்தைச் சுட்டிக்காட்டினார்.

மெமரி தீர்ந்துபோனால் கெர்னல் கடுமையான முடிவெடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களில் ஒன்றைப் பலி கொடுத்து, அது பிடித்து வைத்திருக்கும் இடத்தை விடுவிக்கும். இந்தப் பணியைச் செய்யும் பகுதிக்கு 'ஓ.ஓ.எம். கில்லர்' என்று பெயர். கேள்வி இதுதான்: பலியாக வேண்டிய புரோகிராம் சாக முடியாமல் போனால்?

அது ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பூட்டு இன்னொரு புரோகிராமின் கையில். அந்த இன்னொன்றோ பூட்டை விடாமல் மெமரிக்காகக் காத்திருக்கிறது. முதலாவது செத்தால்தான் மெமரி வரும். மெமரி வந்தால்தான் பூட்டு திறக்கும். பூட்டு திறந்தால்தான் முதலாவது சாகும். வட்டம் முழுமையாகிவிட்டது.

இரண்டாவது புரோகிராமுக்கு 'இடமில்லை, போ' என்று சொல்லிவிட்டால் என்ன? அங்கேதான் விசித்திரம். 8 பக்கம், அதாவது வழக்கமான கம்ப்யூட்டரில் 32 கிலோபைட் வரையிலான சிறு கோரிக்கைகளைக் கெர்னல் பொதுவாக மறுப்பதில்லை; கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இருக்கும். கெர்னல் எழுதுபவர்களில் பலருக்கே இது அதிர்ச்சி. மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று அவர்கள் பக்கம் பக்கமாக எழுதிய நிரல், நடைமுறையில் பெரும்பாலும் ஓடியதில்லை.

இதில் எதுவும் திருடு போவதில்லை. பாஸ்வேர்ட் கசிவதில்லை. ஆனாலும் இந்த வகைக் கோளாறு பாதுகாப்பு ஓட்டையாக மாறக்கூடியது. தனி அதிகாரம் ஏதுமில்லாத சாதாரண ஆசாமி ஒருவர் வேண்டுமென்றே மெமரியைத் தின்று தீர்த்து, பலர் நம்பியிருக்கும் இயந்திரத்தை உறைய வைக்க முடிந்தால், அது பூட்டை உடைப்பதற்குச் சமம்தான்.

மருந்து 2016 மே மாதம் 4.6 பதிப்பில் வந்தது. சூஸே நிறுவனத்தின் மிக்கால் ஹோக்கோ எழுதிய 'ஓ.ஓ.எம். ரீப்பர்', பலியாள் சாகும்வரை காத்திருப்பதில்லை. அதன் கையில் உள்ள மெமரியில் முடிந்ததை முன்கூட்டியே பிடுங்கிக்கொள்கிறது. காஃப்மனின் மூன்றாவது நிபந்தனை உடைந்தது. எல்லா முட்டுக்கட்டையும் இதனால் தீர்ந்துவிடவில்லை; இந்த வட்டம் பெரும்பாலும் அறுந்தது.

ஆனால் மருந்து தயாரானால் மட்டும் போதாது, நோயாளியிடம் போய்ச் சேர வேண்டும். அந்தமானுக்கு இது புதிய பாடமல்ல. 2020 ஆகஸ்ட் 10ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி கேபிள் தொடங்கி வைக்கப்படும்வரை, தீவுகள் செயற்கைக்கோளின் குறுகிய பாதையையே நம்பியிருந்தன. பல நூறு மெகாபைட் அப்டேட்டை அந்தப் பாதையில் இறக்குவது பொறுமையின் பரீட்சை. 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டதில் நியாயம் இருந்தது.

இப்போது பாதை அகலமாகிவிட்டது. தள்ளிப்போடும் பழக்கம் மட்டும் மாறவில்லை, தீவிலும் சரி, பெருநகரங்களிலும் சரி. டிக்கெட் கவுன்டரில் கம்ப்யூட்டர் உறைந்தால், அணைத்துப் போடுகிறார்கள். வரிசை நகர்கிறது. அன்றைய பிரச்சினை தீர்ந்தது, கோளாறு அப்படியே இருக்கிறது. தயாரித்த நிறுவனமே அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிட்ட பழைய போன்களுக்கோ அந்த வழியும் இல்லை.

சரிவில் நிற்கும் ஜீப்பும் லாரியும் என்னவாயின? இந்தியச் சாலை விதிகளில் பதில் இருக்கிறது. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கெர்னலிலும் இப்படி ஒரு முறை உண்டு: எந்தப் பூட்டை முதலில் எடுப்பது என்ற வரிசையை முன்பே முடிவு செய்துவிடுவது. இந்த வரிசை மீறப்படுகிறதா என்று கண்காணித்து, சிக்கல் விழும் முன்பே எச்சரிக்கும் 'லாக்டெப்' என்ற கருவியை இங்கோ மோல்னார் 2006ல் சேர்த்தார்.

ஆக, லாரிதான் பின்வாங்க வேண்டும். ஓட்டுநருக்கு விதி தெரிந்திருந்தால்.