தள்ளுபடியைத் தனியாகப் பார்க்காதீர்கள்

ஆயுத பூஜை, தீபாவளி, ஆண்டுக் கடைசி என்று நாள் நெருங்க நெருங்க, நாளிதழ்களின் முதல் பக்கத்தைக் கார் விளம்பரங்கள் பிடித்துக்கொள்கின்றன. ‘ஒரு லட்சம் ரூபாய் வரை தள்ளுபடி’, ‘வட்டியில்லாத் தவணை’, ‘குறைந்த இஎம்ஐ’. இவற்றில் எதையும் பச்சைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புதுக் கார் வாங்கப் போகிறவர் ஒரே மேசையில் நான்கு வியாபாரம் பேசுகிறார். புது வண்டியை வாங்குகிறார், பழையதை விற்கிறார், கடன் வாங்குகிறார், காப்பீடு எடுக்கிறார். ஒன்றில் விட்டுக்கொடுத்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்ள விற்பவருக்கு வழி இருக்கிறது. வாங்குபவரோ நான்கையும் ‘மாசம் எவ்வளவு வரும்?’ என்ற ஒரே கேள்வியில் அடக்கிவிடுகிறார்.

முதலில் தள்ளுபடி. ஒரு லட்சம் ‘வரை’ என்பதில் அந்த ‘வரை’தான் முக்கியம். ரொக்கத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி, அதே நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளருக்கான போனஸ் என்று பலவற்றைக் கூட்டி வருவது அந்தத் தொகை. பழைய கார் இல்லாதவருக்கோ, பட்டியலில் உள்ள நிறுவனத்தில் வேலை பார்க்காதவருக்கோ அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். எக்ஸ்சேஞ்ச் போனஸாக 30,000 ரூபாய் கொடுத்துவிட்டு, பழைய வண்டியின் மதிப்பில் அதே 30,000 ரூபாயைக் குறைத்துப் போட்டால் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. பழைய காருக்கு வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போனால்தான் இது தெரியவரும். ஜனவரியில் கிடைக்கும் பெரிய தள்ளுபடி, போன ஆண்டு தயாரித்து நின்றுபோன வண்டிக்கானதா என்றும் பார்க்க வேண்டும். மறுபடி விற்கும்போது தயாரிப்பு ஆண்டைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள்.

அடுத்தது வட்டி. ‘ஏழு சதவீதம்தான் சார்’ என்று சொன்னால், அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்று கேளுங்கள். 8 லட்சம் ரூபாய் கடனுக்கு 7 சதவீத ஃபிளாட் வட்டி என்றால், ஐந்து ஆண்டுக்கு வட்டி 2,80,000 ரூபாய், மாதத் தவணை 18,000 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், முழு 8 லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள். வங்கிகள் வழக்கமாகச் சொல்லும் குறையும் நிலுவைக் கணக்கில் இது ஏறக்குறைய 12.5 சதவீதம். பக்கத்து வங்கி சொல்லும் 9 சதவீதம் கேட்பதற்குத்தான் அதிகம். கட்டும் தவணையோ சுமார் 16,600 ரூபாய்தான்.

அதே 9 சதவீதக் கடனை ஏழு ஆண்டுக்கு நீட்டினால் தவணை 12,900 ரூபாய்க்குள் இறங்கும். ‘குறைந்த இஎம்ஐ’ என்ற விளம்பரத்தின் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான். மாதம் 3,700 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தவர், மொத்தத்தில் 85,000 ரூபாய் கூடுதலாக வட்டி கட்டியிருப்பார். சில திட்டங்களில் மாதத் தவணையைக் குறைத்துக் காட்டி, பெரிய தொகையைக் கடைசித் தவணைக்கு ஒதுக்கி வைப்பதும் உண்டு.

வட்டியில்லாத் தவணைக்கு வருவோம். 3 லட்சம் ரூபாய்க்கு 18 மாதம் வட்டி இல்லை, ஆனால் 40,000 ரூபாய் ரொக்கத் தள்ளுபடி கிடையாது என்று ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே கடனை 9 சதவீதத்தில் வாங்கினால் ஆகும் மொத்த வட்டி சுமார் 22,000 ரூபாய். அதை மிச்சப்படுத்த 40,000 ரூபாயைக் கைவிடுகிறோம். கடன் தொகை பெரிதாகவும் காலம் நீளமாகவும் இருந்தால் கணக்கு திரும்பலாம். அப்போது வட்டியில்லாத் திட்டமே லாபம். ஆகவே அதைக் கண்டதும் ஒதுக்கவும் வேண்டாம், கண்டதும் கையெழுத்திடவும் வேண்டாம். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, வட்டியில்லாக் கடன் என்ற ஒன்றே கிடையாது, வட்டியைப் புராசஸிங் கட்டணமாக மறைத்து வசூலிக்கக் கூடாது என்று வங்கிகளிடம் சொல்லிவிட்டது.

கடைசியாகக் காப்பீடும் உதிரிக் கட்டணங்களும். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குக் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு மட்டும் எடுத்தால் போதும். அதை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குபவரின் விருப்பம். ‘எங்களிடம் காப்பீடு எடுத்தால்தான் தள்ளுபடி’ என்பவரிடம், வெளியில் கிடைக்கும் பிரீமியத்துக்கும் அவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தள்ளுபடியிலிருந்து கழித்துப் பாருங்கள். ஹேண்ட்லிங் கட்டணம், கேட்காத துணைப் பொருள்கள், நீட்டித்த வாரண்டி ஆகியவை ஆன்-ரோடு விலைக்குள் சத்தமில்லாமல் ஏறியிருக்கும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எழுதித் தரச் சொன்னால் பல வரிகள் தாமாகவே உதிரும்.

கடன் வாங்குபவருக்கு இப்போது ஓர் ஆயுதம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், தனிநபருக்குத் தரும் தவணைக் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை அவர் சம்மதமின்றிப் பின்னால் வசூலிக்க முடியாது. இரண்டு இடத்து அறிக்கைகளை அருகருகே வைத்தால் ஃபிளாட்டும் ‘பூஜ்ஜிய வட்டியும்’ சாயம் வெளுத்துவிடும்.

விளம்பரத்துக்கும் விதி உண்டு. நிபந்தனைகளை விளம்பரம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் தர வேண்டும் என்கின்றன 2022-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு விதிகள். நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிடும் தமிழ் விளம்பரங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடனுக்கு முக்கிய விவர அறிக்கை கொண்டுவந்த ஒழுங்கு, வண்டியின் விலைக்கும் வர வேண்டும். எல்லாத் தள்ளுபடியும் கழித்து, எல்லாக் கட்டணமும் கூட்டி, கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு என்பது முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அரசு அதைக் கட்டாயமாக்கும் வரை வாங்குபவரே கேட்டு வாங்கட்டும். எழுதித் தர மறுக்கும் ஷோரூமுக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.