முராத்தைப் பார்த்தவர்கள் மொயினையும் பார்க்கட்டும்

திறமையும் உழைப்பும் இருந்தால் மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியிலிருந்து எவரும் மீளலாம் என்பதற்கு ‘கல்லி பாய்’ படத்தைச் சிலர் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஸோயா அக்தரின் அந்த 2019 படத்தில் தாராவியிலிருந்து ராப் பாடகனாக உயரும் முராத் மட்டுமா இருக்கிறான்? அவன் நண்பன் மொயினும் இருக்கிறான். சிறுவர்களை வைத்துப் போதைப்பொருள் விற்கிறான், கார் திருடுகிறான். முராத்தும் அந்தத் திருட்டுக்குத் துணை போனவன்தான். மாட்டிக்கொள்வது மொயின். முராத்துக்கோ டிரைவர் வேலை பார்க்கும் அப்பா கல்லூரிப் படிப்புக் கொடுத்திருக்கிறார், கைதூக்கிவிட ராப் பாடகன் எம்.சி. ஷேர் இருக்கிறான், பாட்டைப் பதிவுசெய்து பரப்ப இசைத் தயாரிப்பாளர் ஸ்கை வருகிறாள். இவ்வளவும் கூடிவந்த பிறகுதான் திறமை பேசுகிறது. பணக்காரர் வீட்டுக் காரை ஓட்டிய நாட்களிலும் அதே திறமை அவனிடம் இருந்ததே!

படத்துக்குத் தூண்டுதலான ராப் பாடகர்கள் டிவைனும் நேஸியும் நிஜத்தில் வென்றவர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருவரைக் காட்டி லட்சக்கணக்கானவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லாமல் சொல்வது அநியாயம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்த் தாராவியில் தோல் பதனிட்ட நம் ஆட்கள் உழைக்கவில்லையா? அங்குள்ள கும்பார்வாடாவில் பானை வனைபவர்களும், நகரத்தின் குப்பையைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புபவர்களும் இன்னும் எவ்வளவு உழைக்க வேண்டும்? அவர்களுக்கு இல்லாதது நியாயமான கூலியும் குடியிருக்கும் மண்ணுக்கு உரிமையும். அதைப் பற்றிப் பேசுங்கள்.