இடியாப்ப உரலும் மக்ரோனிப் பொட்டலமும்



தாராவியிலும் செம்பூரிலும் வீடு சந்திப்புக்காகச் செல்லும் மாலை வேளைகளில், வீட்டுக்கு வீடு ஒரே வாசனை எழும்புவதைக் கவனித்திருக்கிறேன். அது நூடுல்ஸ் மசாலாவின் வாசனை. பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை தானே பாத்திரத்தை அடுப்பில் வைத்து, பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு, தனியே அமர்ந்து உண்ணுகிறது. அண்மைக் காலமாக அந்த இடத்தைப் பாஸ்தாவும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டங்களிலும் பிரியாணிக்குப் பக்கத்தில் வெள்ளை சாஸில் மிதக்கும் மக்ரோனி வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார் முகத்தைச் சுளிக்கின்றனர். பேரப்பிள்ளைகளோ இட்லியைக் கண்டு முகத்தைச் சுளிக்கின்றனர். இவ்விரு தரப்பாரோடும் இந்த மாதம் சற்று வழக்காட விரும்புகிறேன்.

முதலாவது பாட்டிமாருக்கு. பாஸ்தா என்றால் என்ன? தானிய மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அதற்கு ஓர் உருவம் கொடுத்து, வேகவைத்த ஆகாரம். அவ்வளவே. அப்படியானால் திருநெல்வேலி வீட்டு இடியாப்பம் என்ன? கொங்கு நாட்டுச் சந்தகை என்ன? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாலக்காட்டார் வீடுகளில் எலுமிச்சை பிழிந்து தாளிக்கும் சேவை என்ன? மணிமணியாக உருட்டி ஆவியில் வேகவைக்கும் அம்மினிக் கொழுக்கட்டையைப் போலவே இத்தாலியர் உருளைக்கிழங்கு மாவில் உருட்டும் பலகாரம் ஒன்று உண்டு. அதற்கு ஞொக்கி என்று பெயர். மாவிலேதான் ஒரு வேறுபாடு. கோதுமையில் பசைப்புரதம் உண்டு. பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலும் இழுபடும். அரிசியில் அது இல்லை. ஆகையால்தான் நம் தாய்மார் இடியாப்ப மாவில் கொதிக்கும் நீரை ஊற்றுகின்றனர். அந்தச் சூட்டில் மாவின் ஒரு பகுதி கூழாகி, மற்றதைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுகிறது. சேவைக்கோ மாவை முதலில் வேகவைத்துப் பிறகு பிழிகின்றனர். ஒரே காரியத்துக்கு இரண்டு வழிகளை அறிந்த சமையற்கட்டு நம்முடையது.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லுவதுண்டு. அது கதை. அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1154ஆம் ஆண்டில், அல்-இத்ரீசி என்னும் அரபுப் புவியியலார் சிசிலித் தீவிலே மாவு நூல்கள் பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பலேறியதைக் குறித்து வைத்திருக்கிறார். இன்று அதன்மேல் ஊற்றும் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம் மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே “அந்நிய ஆகாரம்” என்று ஒரு தட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினால், நம்முடைய குழம்புச் சட்டியில் மிஞ்சுவது அதிகமிராது.

இத்தாலியில் ஏழைகளின் பாஸ்தா எப்படிப்பட்டதென்று நம் சகோதரிகள் அறிந்தால் வியப்பார்கள். தென் இத்தாலியின் பாரி நகரத்துப் பழைய சந்துகளில், பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு அமர்ந்து, ரவை மாவையும் தண்ணீரையும் மட்டும் பிசைந்து, சிறு துண்டுகளைக் கத்தியால் இழுத்துப் பெருவிரலால் குழித்து, காது வடிவில் செய்து போடுவார்கள். முட்டை இல்லை, பாலாடை இல்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கீரையை அதே தண்ணீரில் சேர்த்து வேகவைத்து, பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் புரட்டி உண்பார்கள். தாராவிச் சந்துகளில் வாசலில் அமர்ந்து அப்பளம் இடும் பெண்களைக் கண்ட நமக்கு அந்தக் காட்சி புதிதன்று. கடைக்காரர் விற்கும் வெள்ளை சாஸ் உறையைத்தான் பாஸ்தா என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இனிப் பிள்ளைகளின் பக்கம் வருகிறேன். உடனடி நூடுல்ஸை 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ என்பவர் உருவாக்கினார். வேகவைத்த நூலை எண்ணெயில் பொரித்து ஈரத்தைப் போக்கினால் அது நாட்பட இருக்கும், வெந்நீர் பட்டவுடன் இளகும் என்பதே அவர் கண்ட வழி. நம் நாட்டுக்கு மேகி 1983இல் வந்தது. 2015 ஜூனில் ஈயம் பற்றிய ஐயத்தால் அது தடை செய்யப்பட்டதும், ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியதும், நவம்பரில் அது கடைகளுக்குத் திரும்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஐந்து மாதங்களில் நம் வீடுகளில் எழும்பிய புலம்பல் சிறிதன்று! ஈயத்தைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. என் கேள்வி வேறு. அந்தப் பொட்டலத்தில் காய்கறி எங்கே?

உறையின் பின்புறத்தைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். சோடியம் என்று மில்லிகிராமில் ஓர் அளவு இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. வளர்ந்த ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழமும் காய்கறியும் சேர்ந்து 400 கிராம் வேண்டும் என்றும் அதுவே சொல்லுகிறது. பொட்டலத்தில் உப்பு தாராளம், காய்கறியோ உறையில் அச்சிட்ட படத்தோடு நின்றுவிடுகிறது.

இது சிறு காரியமன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு. பிள்ளை வகுப்பில் தூங்கி வழிகிறது, தாய் மாடிப்படியில் மூச்சு வாங்கி நிற்கிறாள் என்றால், ஜெபம் செய்யும்போதே இரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள் என்பேன்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தை நினைத்து அழுதபோது எவற்றை நினைத்தார்கள் என்று எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் பாருங்கள். மீனுக்கு அடுத்தபடியாக வரிசையாக வருபவை வெள்ளரி, கொம்மட்டி, கீரை, வெங்காயம், பூண்டு. அவர்களுடைய முறுமுறுப்பை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஊரை விட்டு வந்த ஜனத்தின் நாவு காய்கறியை எவ்வளவு திருத்தமாக நினைவில் வைத்திருக்கிறது! நம்மவருக்கு முருங்கைக்காயும் வாழைத்தண்டும் சின்ன வெங்காயமும் அப்படித்தான். அவற்றுக்கு மாட்டுங்கா சந்தை இருக்கிறது. மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ள நான்கு குடும்பங்கள் சேர்ந்தால், விடியற்காலையில் தாதர் சந்தைக்கு ஒருவர் போய்வரலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை. இரயில் பாதையோரத்தில் சாக்கடை நீரில் வளர்ந்த கீரையை இந்நகரில் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். எங்கே விளைந்ததென்று கேட்டு வாங்குங்கள். எத்தனை முறை அலசினாலும் நீரோடு உள்ளே போனது வெளியே வராது.

இனி என் விருப்பப்படி சில ஆகாரங்களைச் சொல்லுகிறேன்.

முதலிடம் இடியாப்பமும் சொதியும். நெல்லைச் சீமையில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் இந்தச் சொதியைவிடக் காய்கறிக்கு மரியாதை செய்யும் குழம்பு இல்லை என்பது என் கட்சி. நாஞ்சில் நாட்டார் மன்னிக்க வேண்டும். பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். முருங்கைக்காய், காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை மூன்றாம் தேங்காய்ப் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பாலும் பருப்பும் சேர்த்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து விடுங்கள். முதற்பாலை ஊற்றியபின் கொதிக்க விடலாகாது, திரிந்துபோகும். இறக்கி வைத்து, சூடு தணிந்தபின் எலுமிச்சை பிழியுங்கள். இந்நகரத்தில் பட்டாணி மலிந்து கிடக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களே இதற்கு ஏற்றவை.

இரண்டாவது நம் அண்டைவீட்டாரிடமிருந்து. குஜராத்திகளின் தால் டோக்ளியையும் மராத்தியரின் வரண்ஃபளையும் சாளில் வாழ்ந்தவர்கள் ருசி பார்த்திருப்பார்கள். சப்பாத்தி மாவில் மஞ்சளும் ஓமமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாய்த் தேய்த்து, சாய்சதுரமாய் வெட்டி, நீர்க்கக் கொதிக்கும் துவரம்பருப்பில் ஒவ்வொன்றாய்ப் போட்டு வேகவிடுவார்கள். மும்பையின் பாஸ்தா எதுவென்று என்னைக் கேட்டால் இதையே காட்டுவேன். நம் வீட்டில் பருப்புக்குப் பதிலாக நீர்க்கச் சாம்பார். அதில் பரங்கிக்காயும் கத்தரிக்காயும் ஒரு பிடி வெந்தயக்கீரையும் போடலாம். அடுப்பு ஒன்றே இருக்கும் வீட்டுக்கு இதைவிட வசதியான ஆகாரம் இல்லை. ஒரே பாத்திரத்தில் அப்பமும் குழம்பும் காய்கறியும் முடிந்துவிடும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது பிள்ளைகள் கேட்ட மக்ரோனி. வாங்கும்போது உறையில் டியூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது கெட்டிக் கோதுமை, மைதாவைப்போல் குழைந்துபோகாது. கால் கிலோ மக்ரோனிக்கு அரை கிலோ காய்கறி என்பது என் அளவு. மாற்றிப் போட்டால் பழைய கதைதான். பரங்கிக்காயைத் துண்டாக்கி, வெங்காயம், பூண்டுடன் எண்ணெயில் வதக்கி, மூடிவைத்து, வெந்ததும் கரண்டியால் மசியுங்கள். வெள்ளை சாஸின் வழுவழுப்பும் வரும், பிள்ளைகள் விரும்பும் நிறமும் வரும். பரங்கிக்காயின் மஞ்சளிலிருந்தே உடம்பு வைட்டமின் ஏ-யை உண்டாக்கிக்கொள்ளுகிறது. எண்ணெயோடு சேர்ந்தால்தான் அது நன்றாய் ஏறும். மக்ரோனி வெந்த நீரில் ஒரு கரண்டியை எடுத்துவைத்து இதில் விட்டால் எல்லாம் ஒன்றாய்ப் பிடித்துக்கொள்ளும். கடைசி இரண்டு நிமிடங்களில் முள்ளங்கிக் கீரையைப் பொடியாய் நறுக்கிப் போடுங்கள். கிழங்கை வாங்கிக்கொண்டு இலையைக் கடைக்காரரிடமே விட்டுவரும் வழக்கம் நம்மவர்க்கு எப்படி வந்ததோ! மேலே எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாய்ச் சேரும்.

இதையெல்லாம் யார் செய்வது? இரவு எட்டு மணிக்கு ஹார்பர் ரயிலிலிருந்து இறங்கி வரும் தாயா? பொட்டலத்தைக் குற்றம் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் உலை வைக்காதவர்கள். அந்தத் தாய்க்கு அந்தப் பொட்டலம் ஒரு மணி நேர இளைப்பாறுதலாய் இருந்திருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இடியாப்பம் நம் வீடுகளில் அருகிப்போனதற்குக் காரணம் பிள்ளைகளின் நாவு மட்டுமன்று. உரலை அழுத்தக் கை இல்லாமற்போனதே முதற்காரணம் என்று எண்ணுகிறேன். ஊரிலே அத்தையும் பெரியம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். இங்கே பத்துக்குப் பத்து அறையில் அவள் ஒருத்தி.

ஆகையால் சகோதரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இடியாப்ப உரலை அழுத்துவதற்குப் புயபலம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. திபேரியாக் கடற்கரையில் இரவெல்லாம் உழைத்து வந்தவர்களுக்கு நம் ஆண்டவரே காலை ஆகாரத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தார் என்று யோவான் எழுதுகிறார். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போதும். தகப்பன் உரலை அழுத்தட்டும், மகன் காரட்டைச் சீவட்டும், மகள் மாத்திரமே வெங்காயம் உரிக்க வேண்டுமென்று எங்கும் எழுதப்படவில்லை.

அன்றைக்கு மீந்த இடியாப்பத்துக்கும் ஒரு வழி உண்டு. 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பிய நம் ஜனங்கள் சென்னைக்கு அத்தோ என்னும் நூடுல்ஸைக் கொண்டுவந்தார்கள். பாரிமுனையில் பர்மா பஜார்ப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் அது புகழ்பெற்றது. வெந்த நூலில் பச்சை முட்டைக்கோசையும் வெங்காயத்தையும் மெல்லியதாய்ச் சீவிப் போட்டு, பொரித்த பூண்டும் மிளகாய்த்தூளும் புளிநீரும் எலுமிச்சையும் விட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு. இடியாப்பத்தை உதிர்த்துவிட்டு அப்படியே செய்து பாருங்கள், அடுப்பே வேண்டாம். சாற்றுக்கான வாழைத்தண்டு மாட்டுங்காவில் கிடைக்கும். அதை வட்டமாய் நறுக்கும்போது நூல்நூலாய் நார் வரும். விரலில் சுற்றிச்சுற்றி எடுக்க வேண்டும். அந்த வேலையைச் சிறு பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் விரலுக்கு அது நன்றாய் வரும்.