பிள்ளைகளோடு கடலுக்கா?

நம் விடுதி நண்பர் ஒருவர் பெரிய திட்டம் ஒன்று வகுத்திருக்கிறார். படிப்பு முடிந்து பத்தாண்டுகள் பொருளீட்டியபின், மனைவி மக்களோடு பாய்மரப் படகேறி, வெப்பமண்டலத் தீவுகளையெல்லாம் சுற்றி வரப் போகிறாராம். (அவருக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை, அது வேறு கதை.) கேட்டவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். "தன் உயிரைப் பணயம் வைக்கட்டும், பிள்ளைகளின் உயிரை வைக்கத் தந்தைக்கு ஏது உரிமை?" என்றது ஒரு கட்சி. "வீட்டில் பூட்டி வைத்தால் ஆபத்து வராதா?" என்றது மற்றொன்று.

நான் முதற் கட்சியில்தான் இருந்தேன். டூகல் ராபர்ட்சன் குடும்பத்தின் கதையைப் படித்தபின் என் கருத்து சற்றே மாறியது.

ராபர்ட்சன் இங்கிலாந்தில் பால்பண்ணை வைத்திருந்த உழவர். அதற்குமுன் வணிகக் கப்பலில் பணியாற்றியவர். பண்ணையை விற்று, 1922-இல் கட்டப்பட்ட 'லூசெட்' என்னும் மரக்கப்பலை வாங்கி, 1971 ஜனவரியில் மனைவி மக்களோடு ஃபால்மவுத் துறையிலிருந்து புறப்பட்டார். அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். மகள் பஹாமாஸ் தீவுகளில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டாள். பனாமாவில் ஓர் இளைஞர் ஏறிக்கொண்டார். கலபாகஸ் தீவுகளை விட்டபின் அடுத்த நிலம் மார்க்கேசஸ்; ஏறக்குறைய 3,000 கடல் மைல். மூன்று நான்கு வாரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

1972 ஜூன் 15 அன்று கொலைத் திமிங்கிலங்கள் மோதின. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிற்று. பெற்றோர், மூத்த மகன், பள்ளிப் பருவத்து இரட்டையர், அந்த இளைஞர் ஆக ஆறு பேர். எஞ்சியவை ஒரு ரப்பர் மிதவையும் ஒன்பதடிச் சிறுபடகுமே. குடிநீரோ பத்து லிட்டர் அளவுதான். ஆறு பேருக்குப் பத்து லிட்டர்! இந்தக் கணக்கைத் துறைமுகத்தில் இருந்தபோதே போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? இதில் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். பின்னால் 200 மைலில் கலபாகஸ் இருந்தது. பக்கத்தில் இருக்கிறதே என்று எவரும் அங்கே திரும்பத்தான் நினைப்பர். காற்றும் நீரோட்டமும் எதிராக இருப்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே வடக்கே, வியாபாரக் காற்றுகள் ஓயும் அமைதி மண்டலத்தை நோக்கிச் செல்ல முடிவு செய்தார். ஏனெனில் அங்கே மழை பெய்யும். மழை பெய்தது. ஆமைகளைப் பிடித்து உண்டார்கள். அவற்றின் இரத்தத்தைக் குடித்தார்கள். வாயால் குடிக்கத் தகாத அழுக்கு நீரைச் செவிலியான தாய், குழாய் வழியே குடலில் ஏற்றினாள். பதினேழாம் நாள் மிதவை பயனற்றுப் போக, ஆறு பேரும் சிறுபடகில் நெருங்கி உட்கார்ந்தனர். ஊர் சேர்ந்தால் உணவு விடுதி வைப்போம் என்று பேசி, அதற்கு உணவுப் பட்டியல் போட்டுப் பொழுது போக்கினராம்! 38-ஆம் நாள், ஜூலை 23 அன்று, ஜப்பானிய மீன்பிடி கப்பல் ஒன்று அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. ஆறு பேரும் உயிரோடிருந்தனர்.

இதைத் தெய்வச் செயல் என்பார் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் மழை எங்கே பெய்யும் என்று தெரிந்த தகப்பனிடம் அல்லவா அந்தத் தெய்வம் வந்தது? பிள்ளைகளை அழைத்துப் போகும் உரிமை தந்தைக்கு உண்டா என்று கேட்டால், அந்த அறிவு உள்ள அளவுக்கு உண்டு என்பேன். நம்மையும் நம் பெற்றோர் மொழி தெரியாத ஊருக்கு இரண்டு நாள் ரயிலில் ஏற்றி அனுப்பினார்களே! யாரைப் பார்க்க வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று விசாரித்த பிறகல்லவா அனுப்பினார்கள்?

நண்பரின் திட்டத்தாளை வாங்கிப் பார்த்தேன். கித்தார் இருந்தது, புகைப்படக் கருவி இருந்தது, பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்கள்கூட இருந்தன. தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயற்காலம். அதற்குள் எந்தத் துறைக்குப் போய்ச் சேர்வது என்ற கணக்கு இல்லை. கப்பல் கவிழ்ந்தால் மிதவையில் எத்தனை லிட்டர் நீர் என்ற வரியும் இல்லை. பயணம் போதும் என்று ஒரு பிள்ளை சொன்னால் எங்கே இறக்கிவிடுவது? அதையும் கேட்டேன். முகம் சுளித்தார்.

கடைசியாக, "உமக்கு நீந்தத் தெரியுமா?" என்றேன். பதில் இல்லை. இரண்டு வாரமாக அவர் விடியற்காலையில் பல்கலைக் கழக நீச்சற் குளத்துக்குப் போய் வருகிறார்.