தீப்பெட்டி ஆபீஸும் விண்வெளியும்

போன மாதம் எங்கள் கல்லூரிக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வந்தார். ஒரு மணி நேரப் பேச்சின் சாரம் இவ்வளவுதான்: கல்பனா சாவ்லா கனவு கண்டார், ஜெயித்தார், நீங்கள் ஜெயிக்காவிட்டால் குறை உங்கள் கனவில்தான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. சித்தி ஞாபகம் வந்துவிட்டது.

சித்தி கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். (ஆபீஸ் என்றதும் ஏசி அறையை நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்!) 2003 பிப்ரவரி 1, கொலம்பியா விண்கலம் சிதறியபோது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நம்மூர் நேரம் ராத்திரி ஏழரை. மறுநாள் பேப்பரில் வந்த கல்பனா படத்தை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். செத்தவளைப் பார்த்துப் பயப்படாமல் ஆசைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

கரிசல்காட்டில் மரம் கம்மி, வானம் ஜாஸ்தி. மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, "ஏ பிள்ள, அந்தா ஒண்ணு மினுக்காமப் போகுது பாரு, அதுதான் சாட்டிலைட்டு. ஒரு நாள் அங்கன நானும் இருப்பேன்" என்பாள். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் விசேஷத்தில் ஒரு பெரியவர், "பாவம், கிறுக்கு ஆசை" என்றார்.

கிறுக்கா? கணக்குப் பார்ப்போம்.

கல்பனா கர்னாலில் பிறந்து, சண்டிகரில் விமானப் பொறியியல் படித்து, 1982ல் அமெரிக்கா போய், அந்த நாட்டுக் குடிமகளாகி, அதன் பிறகுதான் நாசாவில் விண்வெளி வீராங்கனை ஆனார். இங்கேயே இருந்திருந்தால்? 1984ல் போன ராகேஷ் சர்மா விமானப்படை விமானி. 2024 பிப்ரவரி 27 அன்று ககன்யானுக்கு அறிவிக்கப்பட்ட நால்வரும் விமானப்படை சோதனை விமானிகள். நால்வரும் ஆண்கள். அதில் ஒருவர் சென்னையில் பிறந்தவர், சந்தோஷம்தான். ஆனால் இந்திய விமானப்படையில் பெண்கள் போர் விமானிகளானதே 2016ல்தான். சித்தி பிளஸ் டூ முடித்தபோது அந்தக் கதவே கிடையாது. இல்லாத கதவைத் தட்டவில்லை என்று அவளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு கூத்தும் உண்டு. ஆளில்லாத சோதனைப் பயணத்தில் அனுப்ப இஸ்ரோ 2020ல் ஒரு ரோபோவைக் காட்டியது. பெயர் வியோமித்ரா, பெண் உருவம். பொம்மைக்குப் பெண் முகம் கிடைத்துவிட்டது, பெண்ணுக்கு இடம்தான் கிடைக்கவில்லை.

'தீப்பெட்டி ஒட்டுறவளுக்கு ராக்கெட்டா' என்று சிரிப்பவர்களுக்கு வாலன்டினா தெரெஷ்கோவாவைச் சொல்கிறேன். பஞ்சாலைத் தொழிலாளி. பொழுதுபோக்காகப் பாராசூட்டில் குதிப்பவர். 1963 ஜூன் 16ல் வோஸ்டாக் 6ல் ஏறி பூமியை 48 முறை சுற்றிவந்தார். சோவியத் ரஷ்யா அதைப் பிரச்சாரத்துக்காகத்தான் செய்தது, தெரியும். அடுத்த பெண்ணை அனுப்ப அதற்கே 19 வருஷம் ஆனது, அதுவும் தெரியும். ஆனாலும் ஒரு பஞ்சாலைப் பெண்ணை விண்வெளிக்கு அனுப்ப முடியும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. கோவில்பட்டியிலும் பஞ்சாலைகள் இருக்கத்தானே செய்கின்றன?

ககன்யான் பெயர்கள் வந்த மறுநாள், பிப்ரவரி 28ல், எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டாம், எரிபொருள் மிச்சம். நல்ல விஷயம்தான். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அங்கே ஏறப்போவது சிறிய செயற்கைக்கோள்கள், சித்திகள் இல்லை.

சித்தியை நேராக ராக்கெட்டில் ஏற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பம் போட ஒரு வழி இருந்து, போட்டு, தோற்றிருந்தால் அது அவள் தோல்வி. அந்தத் தோல்விகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

அன்றைக்குக் கேள்வி நேரத்தில் எழுந்து, "சார், 2003ல் எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி இந்தியாவிலிருந்து விண்வெளிக்குப் போகணும்னா எந்த ஃபாரம் வாங்கியிருக்கணும்?" என்று கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார். பிறகு மைக்கைப் பின் வரிசைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.